சிறிய காரும் உறைபனிக் காலமும்: வாசகர் கேள்வி பதில்

பனி பொழியும் நாடுகளில் வாழும் வாசகர்கள் சிறிய ஹேட்ச்பேக் கார்களை, அதாவது கூரையோடு சேர்ந்து முடியும் பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கார்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அந்தக் கடிதங்களுக்கே இம்முறை பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். இத்தகைய கார் ஒன்றை 14 குளிர்காலங்கள் ஓட்டியவன் என்ற முறையில், பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: பனி பெய்யும் ஊருக்குக் குடும்பத்தோடு குடிவந்திருக்கிறோம். நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்க நினைத்தேன். நண்பர்களோ, நான்கு சக்கரமும் இழுக்கும் எஸ்யூவி இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது என்கிறார்கள். சிறிய கார் தாங்குமா?

பதில்: தாங்கும். அதற்கான காரணம் காரின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்ஜினைக் குறுக்காகப் பொருத்தி, கியர்பாக்ஸையும் அதனோடு இணைத்து, முன்சக்கரங்களையே இழுக்கச் செய்யும் ஏற்பாட்டை 1959-இல் வந்த மினி பரவலாக்கியது. மேல்நோக்கித் திறக்கும் பின்கதவோடு 1961-இல் ரெனோ 4 வந்தது. 1974-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இவை இரண்டையும் இன்று நாம் காணும் வடிவில் நிலைநிறுத்தியது. இந்த அமைப்பில் வண்டியின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்சக்கரங்களின் மீது அமர்கிறது. இழுக்கிற சக்கரத்தின் மேலேயே பாரமும் இருப்பதால், பனி மூடிய சாலையில் புறப்படும்போது அந்தச் சக்கரம் எளிதில் வழுக்கிச் சுழல்வதில்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி நன்றாகப் புறப்படும். மேட்டில் நன்றாக ஏறும். ஆனால் பிரேக் போடும்போது அந்த ஏற்பாட்டால் பெரிய உதவி ஏதும் இல்லை, ஏனெனில் எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. வளைவிலும் அப்படித்தான், பிடிமானத்தைத் தருவது டயர். நல்ல குளிர்கால டயர் போட்ட 1,100 கிலோ ஹேட்ச்பேக், சாதாரண டயரோடு வரும் 1,800 கிலோ எஸ்யூவியை விடப் பனியில் குறைந்த தூரத்தில் நின்றுவிடும்.

சிறிய காருக்கு உண்மையான எல்லை என்று ஒன்று உண்டென்றால் அது கிரவுண்ட் கிளியரன்ஸ்தான். இவ்வகைக் கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து பெரும்பாலும் 13 முதல் 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குவிந்த பனி அதைவிட ஆழமாக இருந்தால், வண்டி பனியின் மேல் வயிறு பட உட்கார்ந்துவிடும், சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும். ஆகவே உங்கள் தெருவில் பனி அகற்றும் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, வீட்டுக்கு வரும் பாதை எவ்வளவு செங்குத்து என்ற இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் சாலை திறந்துவிடும் ஊரென்றால் ஹேட்ச்பேக்கையே வாங்குங்கள். மலைச்சரிவில் நாள் முழுவதும் யாரும் பனி அகற்றாத பாதையில் வீடு இருந்தால் மட்டும் நண்பர்கள் பேச்சைக் கேட்கலாம்.

கேள்வி: ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின் உள்ள ஹேட்ச்பேக் பார்த்திருக்கிறேன். அன்றாடம் நகரத்துக்குள் ஓட்டவும், மாதம் ஒருமுறை நால்வராக நெடுஞ்சாலையில் போகவும் அது போதுமா?

பதில்: நகரத்துக்குள் தாராளமாகப் போதும். இத்தகைய இன்ஜின்கள் பொதுவாக 90 முதல் 120 குதிரைத்திறன் வரை தருகின்றன. அதைவிட முக்கியமாக, டர்போ இருப்பதால் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை நெருங்கும்போதே இழுவிசை முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. சிக்னலில் நின்று புறப்படும் ஓட்டத்துக்கு இது மிகவும் ஏற்றது. நால்வர் ஏறினால் கதை சற்று மாறும். ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தாலும் 300 கிலோ. சிறிய காரின் எடையில் அது கால்வாசிக்கும் மேல். மேட்டில் முந்திச்செல்ல வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு கியர் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வேகமும் ஒரு கணக்குதான்: காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 100 கி.மீ. வேகத்திலிருந்து 120-க்குப் போனால் அந்தத் தடை 44 சதவீதம் கூடுகிறது. சிறிய இன்ஜினின் மைலேஜ் நெடுஞ்சாலையில் ஏமாற்றம் தருவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த 20 கி.மீ. வித்தியாசத்தில்தான் அதை இழக்கிறார்கள்.

வாங்கும் முன் பின் இருக்கையிலும் உட்கார்ந்து ஓர் ஓட்டம் போய்வாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் பின்புறம் இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கிறது. இடத்தை மிச்சப்படுத்தும் எளிய அமைப்பு அது. ஆனால் காலியாக இருக்கும்போது பின்பகுதி குதிக்கும். ஓட்டுபவர் இருக்கையில் மட்டும் உட்கார்ந்து போய்வந்தால் அது தெரியவே தெரியாது.

கேள்வி: என் காரில் உள்ள டயர்கள் ஓராண்டு கூட ஆகாதவை, பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாகவே இருக்கிறது. குளிர்காலத்துக்கென்று தனி டயர் கட்டாயம் வேண்டுமா? வேண்டுமென்றால் இழுக்கிற முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் போட்டால் போதாதா?

பதில்: வந்த கடிதங்களிலேயே முக்கியமானது இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டயரின் பட்டனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ரப்பரைப் பாருங்கள். கோடைக்கால டயரின் ரப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்குகிறது. சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பற்ற வேண்டிய ரப்பர், அப்போது அவற்றின் மேல் வழுக்கிச் செல்கிறது. பனி பெய்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. குளிர்ந்த ஈரச் சாலையே போதும். குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. நான் முதன்முதலில் அதை வாங்கியபோது இரண்டு டயர்களையும் பக்கத்தில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். இரவு முழுவதும் வெளியே கிடந்த பழைய டயரில் நகம் சறுக்கியது. புதியதில் நகத்தின் தடம் ஒரு கணம் பதிந்து மறைந்தது. அதன் ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியதைப் போல வளைந்து வளைந்து மெல்லிய பிளவுகள் இருந்தன. வண்டி நகரும்போது இந்தப் பிளவுகள் திறந்து பனியைக் கவ்விக்கொள்கின்றன. பனி பனியோடு நன்றாக ஒட்டும் என்பதால், டயருக்குள் சிக்கிய பனியும் பிடிமானத்துக்கு உதவுகிறது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பனியில் சோதிக்கப்பட்டுத் தேறிய டயருக்கே அந்தச் சின்னம். வெறும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது மட்டும்தான். குளிர் மிதமாகவும் பனி எப்போதாவதுமாக உள்ள ஊரில், மலைச்சின்னம் பெற்ற எல்லாப் பருவ டயரே போதும். மாதக்கணக்கில் உறைபனி நிலைக்கும் இடத்தில் அந்தச் சமரசம் வேண்டாம்.

முன்சக்கரங்களுக்கு மட்டும் போடும் யோசனையைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். முன்பக்கம் நன்றாகப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனேயே எடை முன்னுக்குச் சாயும். ஏற்கெனவே இலேசான பின்பகுதி வெளியே வீசப்பட்டு வண்டியே சுழன்றுவிடும். ஹேட்ச்பேக்கின் பின்பகுதி இலேசானது என்பதால் இந்த ஆபத்து மற்ற கார்களை விடக் கூடுதல். நான்கும் ஒரே வகை, முடிந்தால் ஒரே அளவு தேய்மானம்; அதற்குக் குறைவாக எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவைப் பொறுத்தவரை, தோற்றத்துக்காக 17 அங்குலச் சக்கரத்தில் 205 மி.மீ. அகல டயர் பொருத்தி வரும் காருக்குப் பெரும்பாலும் 15 அங்குலச் சக்கரமும் 185 மி.மீ. டயரும் பொருந்தும். ஓட்டுநர் கையேடு அனுமதித்தால் குளிர்காலத்துக்கு அந்தச் சிறிய அளவையே எடுங்கள். குறுகிய டயர் பனியையும் சேற்றுப்பனியையும் பிளந்துகொண்டு கீழே இறங்கும். அகன்ற டயர் அதன் மேல் மிதக்கப் பார்க்கும். விலையும் குறைவு, குழியில் விழுந்தால் ரிம் வளையும் வாய்ப்பும் குறைவு.

புதிதாக வாங்கும்போது 8 மி.மீ. உயரத்தில் இருக்கும் பட்டன் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால், குளிர்கால டயர் பனியில் பெயரளவுக்குத்தான். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது என்பது வேறு விஷயம். காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறைகிறது. 20 டிகிரியில் நிரப்பிய டயர் மைனஸ் 10-இல் 5 பி.எஸ்.ஐ. வரை இழந்திருக்கும். மாதம் இருமுறை, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து நிரப்புங்கள்.

கேள்வி: பனி படிந்த சாலையில் பிரேக்கை அழுத்தியபோது பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தது. பிரேக்கில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப்போவதை உணர்ந்து அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கும் அந்த மின்னணு ஏற்பாட்டை 1978-இல் பாஷ் நிறுவனம் பயணிகள் காருக்குக் கொண்டுவந்தது. அந்த விட்டுப்பிடித்தலின் எதிரொலிதான் உங்கள் கால் உணர்ந்த அதிர்வு.

இதைத் தெரியாமல் நானும் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். என் முதல் குளிர்காலத்தில், சரிவான தெரு ஒன்றின் முடிவில், 20 கி.மீ. வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்து பிரேக்கை அழுத்தினேன். பெடல் அதிர்ந்ததும் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிக் காலை எடுத்துவிட்டேன். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பியிருந்தும் வண்டி நேராகவே, மெல்ல, எந்தச் சத்தமுமின்றி நழுவிப்போய் நடைபாதை ஓரக் கல்லில் இடது முன்சக்கரத்தை இடித்து நின்றது. அந்த ஓரத்தில் யாரும் நடந்து வரவில்லை என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு நடுங்குகிறது.

அதிர்வு வந்தால் காலை எடுக்காதீர்கள். இன்னும் உறுதியாக அழுத்தி, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை அளவோடு திருப்புங்கள். ஏ.பி.எஸ். இருப்பதன் பயன் திருப்ப முடிவதுதான்; நிற்கும் தூரத்தை அது எப்போதும் குறைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. உதிரிப் பனியில் சற்றுக் கூட்டவும் செய்யலாம். 50 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்ட பிறகு வண்டி ஓடும் தூரத்தை உராய்வின் அளவைக்கொண்டு கணக்கிட்டால், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 12 மீட்டர், இறுகிய பனியில் 50 மீட்டர், பனிக்கட்டியில் 100 மீட்டர் வருகிறது. முன்னே போகும் வண்டியோடு நீங்கள் விடும் இடைவெளி இந்தக் கணக்கைத்தான் ஒத்திருக்க வேண்டும். பனி பெய்த முதல் நாள், யாருமற்ற வெட்டவெளி வாகன நிறுத்துமிடம் ஏதேனும் அனுமதியோடு கிடைத்தால், 20 கி.மீ. வேகத்தில் நான்கைந்து முறை முழு பிரேக் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோடையில் நல்ல மைலேஜ் தந்த கார், குளிர் தொடங்கியதிலிருந்து பெட்ரோலைக் குடிக்கிறது. அலுவலகம் ஆறு கி.மீ. தூரம்தான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில் வெண்ணெய் போல ஏதோ படிந்திருக்கிறது. இன்ஜின் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரண்டு அறிகுறிகளுக்கும் அந்த ஆறு கி.மீ.தான் காரணம்.

இன்ஜின் தன் முழுச் சூட்டை, அதாவது 90 டிகிரியை ஒட்டிய நிலையை, அடைவதற்குள் நீங்கள் அலுவலகத்தில் இறங்கிவிடுகிறீர்கள். அதுவரை ஆயில் கெட்டியாக இருக்கிறது. பெட்ரோலும் கூடுதலாகப் பீய்ச்சப்படுகிறது. மைனஸ் 10 டிகிரியில் காற்று, 20 டிகிரியில் இருப்பதை விட 11 சதவீதம் அடர்த்தியானது என்பதால் அதைப் பிளந்து செல்லவும் அதிக ஆற்றல் வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 25 டிகிரியில் இருப்பதை விட மைனஸ் 7 டிகிரியில் பெட்ரோல் காரின் நகர மைலேஜ் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது, ஐந்தாறு கி.மீ. குறும்பயணங்களில் இது 24 சதவீதம் வரை போகலாம். உங்கள் பயணம் சரியாக அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மூடியின் உட்புறம் நீங்கள் பார்த்தது, ஆயிலோடு நீராவி கலந்து நுரைத்த கூழ். எரிபொருள் எரியும்போது நீரும் உண்டாகிறது. சூடேறாத இன்ஜினில் அது ஆவியாகி வெளியேறாமல் குளிர்ந்த மூடியில் படிகிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு குறையவில்லை, ஆயில் அளக்கும் குச்சியில் அந்தக் கூழ் இல்லை என்றால் கவலை வேண்டாம். குச்சியிலும் கூழ் இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் என்ற இன்ஜின் அடைப்பு பழுதாகியிருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மற்றபடி, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், ஆயிலைக் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். காலையில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்திவைத்தே சூடாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் இன்ஜின் மிக மெதுவாகவே சூடேறும். கண்ணாடியைச் சுத்தம் செய்து முடித்ததும் புறப்பட்டு, முதல் சில கிலோமீட்டர்களை மென்மையாக ஓட்டுவதுதான் இன்ஜினுக்கு நல்லது.

கேள்வி: நால்வர் ஏறினால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி எல்லாம் மூடுபனி போட்டுவிடுகிறது. பின்கண்ணாடியோ வெளியே எப்போதும் சேறாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சிறிய அறைக்குள் நான்கு பேரின் மூச்சும், காலணியில் ஒட்டிவந்து உருகும் பனியும் சேர்ந்த ஈரம் அது. உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை வரவிட்டு, ஹீட்டரோடு ஏ.சி.யையும் போடுங்கள். குளிரில் ஏ.சி.யா என்று தயங்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது. உறைநிலைக்கு அருகில் பல கார்களில் ஏ.சி. தானாகவே நின்றுவிடும் என்றாலும், அப்போது வெளிக்காற்றே வறண்டுதான் இருக்கும். கால் மிதியடிகளை இரவில் வீட்டுக்குள் எடுத்துவந்து உலர்த்துங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. பாதித் தொல்லை இதில் தீர்ந்துவிடும்.

பின்கண்ணாடி அழுக்காவதற்கு வண்டியின் வடிவமே காரணம். கூரை சட்டென்று முடியும் இடத்தில் காற்று பிரிந்து, பின்னால் சுழலாகத் திரும்பி, சக்கரம் கிளப்பும் சேற்றைக் கண்ணாடியில் அப்புகிறது. பின்னால் தனி டிக்கி நீண்டிருக்கும் செடானில் பெரும்பாலும் இல்லாத பின் வைப்பர் ஹேட்ச்பேக்கில் இருப்பது இதனால்தான். அதன் ரப்பரையும் முன் வைப்பர்களோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். உறைந்த கண்ணாடியில் எக்காரணம் கொண்டும் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பேட்டரிக்கு ஐந்து வயது. குளிருக்குப் பயந்து கூலன்டைத் தண்ணீரே கலக்காமல் ஊற்றிவைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: பேட்டரியைச் சோதித்துப் பார்த்து, தேறாவிட்டால் மாற்றிவிடுங்கள். உறைநிலையில் பேட்டரி தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கையும், மைனஸ் 18-இல் பாதிக்கு மேலும் இழக்கிறது. அதே நேரத்தில் கெட்டியான ஆயிலைச் சுழற்ற ஸ்டார்ட்டருக்கோ கூடுதல் வலு வேண்டியிருக்கிறது. கூலன்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றவே வேண்டாம். கூலன்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால், சரிபாதி தண்ணீர் கலந்தால், மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலக்காத கிளைக்காலோ மைனஸ் 13-ஐ ஒட்டியே உறைந்துவிடும்.

கேள்வி: இரவில் பெய்த பனியில் கார் சிக்கிக்கொண்டால், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் சுழல்கிறதே தவிர நகர்வதில்லை. எப்படி எடுப்பது?

பதில்: மிதிப்பதை முதலில் நிறுத்துங்கள். சுழலும் சக்கரம் பனியை உருக்கி மெருகேற்றி, தனக்குத் தானே கண்ணாடிக் குழி வெட்டிக்கொள்கிறது. முன்சக்கரங்களை நேராக்கி, அவற்றின் முன்னும் பின்னும் ஓரடி அளவுக்குப் பனியை வாரி அகற்றி, மணலோ பழைய மிதியடியோ போடுங்கள். டிராக்ஷன் கண்ட்ரோல் பொத்தானைச் சற்று நேரத்துக்கு அணையுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும் ஒவ்வொரு முறையும் அது இன்ஜினின் வலுவைக் குறைத்துவிடும். மேனுவல் கியர் என்றால் இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். சில அங்குலம் முன்னே, சில அங்குலம் பின்னே என்று வண்டியை ஊஞ்சல் போல ஆட்டிக்கொண்டே வந்தால், நான்கைந்தாவது முறையில் பெரும்பாலும் குழியை விட்டு ஏறிவிடும். வெளியே வந்ததும் அந்தப் பொத்தானை மறுபடி போட்டுவிட வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், இன்ஜினைப் போடுவதற்கே முன்னால், பின்புறம் போய் சைலன்சர் குழாயின் வாய் பனியில் புதைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புதைந்திருந்தால் கையால் வாரி எடுங்கள். அடைபட்ட புகை காருக்குள் கசிந்தால், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்கு இதமாகக் குழந்தைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு நீங்கள் வெளியே பனி வாரிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.